லேப்டாப் ரெடி... எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சஸரீஸ் - எதுக்குக் காசு கொடுக்கலாம், எது தண்டச்செலவு?

அம்பத்தூர் ஓ.டி-யோ, ஆவடி சி.டி.எச் ரோடோ, பூந்தமல்லி டிரங்க் ரோடோ... எந்தக் கடையில் நுழைந்தாலும் லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். பிராசஸர், ரேம், கலர் என்று ஆற அமரப் பார்ப்போம். ஆனால், பில் கவுன்டரில் வரும் கேள்விகளுக்கு இரண்டு நிமிஷம்கூட கிடைக்காது.

``ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துடவா சார்?'', ``ஆன்டிவைரஸ் போட்டுடலாமா?'', ``மவுஸ், பேக், கீபோர்டு ஸ்கின் எல்லாம் காம்போ ஆஃபர்ல இருக்கு மேடம். இ.எம்.ஐ-ல மாசத்துக்குக் கொஞ்சம்தான் கூட வரும்...''

அப்பா பக்கத்தில் நிற்பார். பின்னாடி கியூ. ``சரி, போட்டுடுங்க'' என்று தலையாட்டிவிட்டு வருவோம். ஒன்றரை வருஷம் கழித்து லேப்டாப்பில் தண்ணீர் கொட்டும். `வாரண்டிதான் இருக்கே' என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனால், ``இது கவர் ஆகாதுங்க'' என்ற பதில் வரும். காசு கொடுத்தது ஒன்றுக்கு, கெட்டுப்போனது வேறொன்றால்.

கல்லூரி, வேலை இரண்டுக்கும் லேப்டாப் வாங்குபவர்கள் தினமும் நடமாடும் ஏரியா இது. இன்ஜினீயரிங் கல்லூரிகள் இந்தப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி கம்பெனிகளும் இருக்கின்றன. எனவே, பில் கவுன்டரில் என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

`வாரண்டி இருக்கு'ன்னா என்ன இருக்கு?

வாரண்டி என்பது, `நாங்க செஞ்ச பொருள்ல எங்க தப்பு ஏதாவது இருந்தா, நாங்க சரிபண்ணித் தர்றோம்' என்று கம்பெனி தரும் வாக்கு. அவ்வளவுதான். ஸ்பீக்கர் தானாகவே செத்துப்போனால், மதர்போர்டு காரணமில்லாமல் படுத்துக்கொண்டால் கவர் ஆகும். கீழே விழுந்து ஸ்கிரீன் உடைந்தால், டீ கொட்டினால், மின்சாரம் ஏறி இறங்கி போர்டு கருகினால் கவர் ஆகாது. அது உங்கள் தரப்பு நஷ்டம்.

இந்தியாவில் லேப்டாப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷ வாரண்டி கிடைக்கிறது. இத்தனை வருஷம் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று நம் சட்டம் கம்பெனிகளிடம் சொல்லவில்லை. ஐரோப்பிய யூனியனில் விற்கும் பொருளுக்குக் குறைந்தது இரண்டு வருஷம் விற்பவரே சட்டப்படி பொறுப்பு. அந்த இரண்டாவது வருஷத்தை நாம் இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்.

கடையில் `எக்ஸ்ட்ரா கவரேஜ்' என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே வெவ்வேறு சமாசாரங்கள் இருக்கின்றன.

எக்ஸ்டெண்டட் வாரண்டி: முதல் வருஷ வாக்கையே இன்னும் ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு நீட்டிப்பது. முதல் வருஷத்தில் எதற்கெல்லாம் `நோ' சொன்னார்களோ, அடுத்த வருஷங்களிலும் அதற்கெல்லாம் `நோ'தான்.

ஆக்சிடென்டல் டேமேஜ் கவரேஜ்: விழுவது, உடைவது, தண்ணீர் கொட்டுவது போன்றவற்றுக்கு. சில திட்டங்களில் வோல்டேஜ் பிரச்னையால் வரும் சேதமும் இதில் அடங்கும். இது வாங்கிய நாளிலிருந்தே ஓடும். எக்ஸ்டெண்டட் வாரண்டியோ கம்பெனியின் முதல் வருஷம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

ஆன்-சைட் சர்வீஸ்: இது எதைச் சரிசெய்வார்கள் என்பதைப் பற்றியது அல்ல, எங்கே வந்து சரிசெய்வார்கள் என்பதைப் பற்றியது. ஆன்-சைட் என்றால் ஆள் வீட்டுக்கே வருவார். கேரி-இன் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். `சென்னையில சர்வீஸ் இருக்கு' என்பது போதாது. 600053, 600054, 600056 என்று உங்கள் பின்கோடு எதுவோ அதைச் சொல்லி, `இந்த பின்கோடுக்கு ஆன்-சைட் உண்டா' என்று கேளுங்கள். கேரி-இன் என்றால், பூந்தமல்லியிலிருந்து ஒவ்வொரு முறையும் அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

பேட்டரியைத் தனியாகக் கேளுங்கள். லேப்டாப்புக்கு மூன்று வருஷ வாரண்டி இருந்தாலும், பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான் இருக்கும். சார்ஜ் நிற்கும் நேரம் குறைவதை `தேய்மானம்' என்பார்கள். அது குறைபாட்டுக் கணக்கில் வராது.

மாணவர்களின் லேப்டாப் எப்படிக் கெடுகிறது?

காலையில் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினை நினைத்துப்பாருங்கள். பேக்கில் லேப்டாப், அதை ஒட்டி ஸ்டீல் வாட்டர் பாட்டில், மேலே டிபன் பாக்ஸ். கூட்டம் முதுகில் அழுத்துகிறது. பாட்டில் மூடி லேசாக லூஸ். உள்ளே ஸ்கிரீன் நசுங்கும், அல்லது தண்ணீர் இறங்கும். ஹாஸ்டலில் கட்டிலிலிருந்து நழுவும். மழை நாளில் கரன்ட் போய்த் திடீரென்று வரும்போது அடாப்டர் அடிவாங்கும்.

இதில் எதுவும் கம்பெனியின் தப்பு இல்லை. எனவே, எதுவும் சாதாரண வாரண்டியிலும் வராது. எக்ஸ்டெண்டட் வாரண்டியிலும் வராது. தினமும் வெளியே தூக்கிக்கொண்டு அலைகிற ஒருவருக்கு, `மூணு வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டி'யைவிட, `ஒரு வருஷ ஆக்சிடென்டல் டேமேஜ்' உபயோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். மேஜையை விட்டு நகராத வொர்க் ஃப்ரம் ஹோம் லேப்டாப் என்றால் கணக்கு மாறும். அதற்கு எக்ஸ்டெண்டட் பரவாயில்லை.

மூடித் திறக்கும் கீல் விஷயத்தில் மட்டும் உஷார். `தானா உடைஞ்சது' என்று நீங்களும், `அழுத்தித் திறந்ததால உடைஞ்சது' என்று சர்வீஸ் சென்டரும் சொல்லி, சண்டை வரும் பாகம் இது. மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தாலே கீலின் ஆயுள் கூடும். லேசாகச் சத்தம் வர ஆரம்பித்ததும், வாரண்டி இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.

வெள்ளம் வந்தா..?

2023 டிசம்பர் 4... மிக்ஜாம் புயலை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் நின்றது. கொரட்டூரில் வீடுகளுக்குள் புகுந்தது. கம்ப்யூட்டரும் லேப்டாப்பும் நனைந்தவர்கள் ஏராளம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. `லிக்விட் டேமேஜ் கவர் ஆகும்' என்று சொல்லும் பல திட்டங்கள், அதே பத்திரத்தின் கீழே `இயற்கைச் சீற்றத்தால் வரும் சேதம் நீங்கலாக' என்றும் சொல்கின்றன. கை தவறிக் காபி கொட்டினால் கவர். வெள்ளத்தில் நனைந்தால் இல்லை. ஏரிக்குப் பக்கத்திலோ, தாழ்வான தெருவிலோ, தரைத்தளத்திலோ இருப்பவர்கள் அந்த ஒரு வரியை முதலில் தேடிப் படிக்க வேண்டும்.

வெள்ளத்துக்குப் பொருத்தமானது வீட்டு இன்சூரன்ஸ். 2021 ஏப்ரல் முதல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் `பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்கின்றன. அதில் வெள்ள சேதம் அடங்கும். வீட்டுப் பொருள்களுக்கும் சேர்த்து எடுக்கலாம். வாடகை வீட்டுக்காரர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்க முடியும். லேப்டாப் அதில் எப்படிச் சேரும் என்பதை பாலிசி போடும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நனைந்துவிட்டால்: ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். ஆனில் இருந்தால் உடனே அணைத்துவிட்டு, ஒயரை எடுத்துவிடுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் வேண்டாம். உள்ளே தங்கும் ஈரம் போர்டை மெதுவாக அரிக்கும். எவ்வளவு சீக்கிரம் பிரித்துச் சுத்தம் செய்கிறார்களோ, அவ்வளவு நல்லது.

சின்ன கணக்கு போடலாமா?

`வாங்கலாமா, வேண்டாமா' என்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. லேப்டாப் வாங்குவதற்கு முன்பே, அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடலுக்கு ஸ்கிரீன் மாற்ற எவ்வளவு, மதர்போர்டு மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள்.

ஒரு பேச்சுக்கு, மதர்போர்டு 16,000 ரூபாய் என்கிறார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி 4,000 ரூபாய். அப்படியென்றால், நாலு லேப்டாப்பில் ஒன்று அந்தக் காலத்துக்குள், கம்பெனித் தப்பால் மட்டும் போர்டு போனால்தான், போட்ட காசு சரிக்குச் சரி. எலெக்ட்ரானிக் பொருள்களில் தயாரிப்புக் குறை இருந்தால், பெரும்பாலும் வாங்கிய கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். அல்லது ரொம்ப நாள் கழித்து வயதாகிக் கெடும். முதல் கண்டம் ஃப்ரீ வாரண்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் இரண்டாவது, மூன்றாவது வருஷம் பொதுவாக அமைதியான காலம்.

அதனால் வாங்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. இதை லாப நஷ்டக் கணக்காகப் பார்க்காமல், `அடுத்த மாசமே 16,000 ரூபாய் செலவு வந்தா வீட்டுல தாங்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். தாங்கும் என்றால், அந்த 4,000 ரூபாயைத் தனியாக எடுத்துவையுங்கள். ரிப்பேர் வந்தால் உதவும், வராவிட்டால் உங்கள் காசு உங்களிடமே இருக்கும். தாங்காது, அந்த லேப்டாப் இல்லாவிட்டால் புராஜெக்ட் நின்றுவிடும், வேலை போய்விடும் என்றால், கவரேஜ் எடுப்பது நியாயமான முடிவு.

இ.எம்.ஐ-யில் வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள். வாரண்டி, பேக், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்ந்தால், மொத்தக் கடனும் கூடுகிறது. வட்டி இருக்கிற கடன் என்றால், அந்த பேக்குக்கும் வட்டி கட்டுகிறீர்கள். `மாசத்துக்கு எவ்வளவு' என்று கேட்காமல், `மொத்தமா எவ்வளவு' என்று கேளுங்கள்.

யாரிடம் வாங்குவது?

லேப்டாப் கம்பெனியே விற்கும் திட்டம், கடையின் திட்டம், ஆன்லைன் தளம் காட்டும் திட்டம்... மூன்றும் வேறு வேறு. கம்பெனித் திட்டத்தில், அவர்களின் சர்வீஸ் சென்டரிலேயே, அவர்களின் பாகங்களைப் போடுவார்கள். மற்ற இரண்டில், நடுவில் வேறொரு நிறுவனம் இருக்கும். ரிப்பேர் என்றால் அவர்களுக்குத்தான் போன் போட வேண்டும். விலை குறைவாக இருக்கலாம். ஆனால், சில திட்டங்களில் வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பார்கள். சிலவற்றில் ஒரே ஒரு முறைதான் க்ளெய்ம் செய்யலாம்.

எது வாங்குவதாக இருந்தாலும், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

* ரிப்பேர் என்றால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? லேப்டாப் கம்பெனியையா, வேறொருவரையா?
* எத்தனை முறை க்ளெய்ம் செய்யலாம்? ஒவ்வொரு முறையும் நான் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்?
* சரிசெய்ய முடியாவிட்டால் புது லேப்டாப்பா, பணமா, தேய்மானம் போக மீதியா?
* ஒரிஜினல் பாகமா, வேறு பாகமா?
* கவரேஜ் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது? அந்த சர்டிஃபிகேட் எப்போது என் மெயிலுக்கு வரும்?

கடையில் இருப்பவர் வாயால் சொல்வது பத்திரத்தில் இல்லையென்றால், அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ``வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணே, படிச்சிட்டுச் சொல்றேன்'' என்று கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொரு நல்ல செய்தி... இதை பில் போடும் நிமிஷத்திலேயே முடிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. லேப்டாப் கம்பெனிகள் பலவும், வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிறகு நீட்டித்துக்கொள்ள அனுமதிக்கின்றன. ஆக்சிடென்டல் டேமேஜுக்கு மட்டும் வாங்கியதிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று கெடு இருக்கும். அது கம்பெனிக்கு கம்பெனி மாறும். கெடு தேதியை போன் காலண்டரில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிதானமாக யோசியுங்கள்.

ஆக்சஸரீஸ்: முதலில் இவை

நல்ல ஆக்சஸரி என்பது வாரண்டி கை விரிக்கும் இடத்தில் காப்பாற்றுவது. அப்படிப் பார்த்தால் பட்டியல் சின்னதுதான்.

சர்ஜ் புரொடெக்டர்: பார்க்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். சர்ஜ் புரொடெக்டர், திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தான் வாங்கிக்கொள்ளும். பெட்டியில் எத்தனை `ஜூல்' என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். எண் கூடக் கூட நல்லது. அது போடாத பெட்டி வெறும் எக்ஸ்டென்ஷனாக இருக்கலாம். லேப்டாப் அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். எனவே ஸ்டெபிலைசர் தேவையில்லை. இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் இருப்பதிலேயே சிறந்த பாதுகாப்பு. பிராட்பேண்ட் லேன் ஒயரையும் சேர்த்துத்தான்.

எர்த்: மெட்டல் பாடி லேப்டாப்பை சார்ஜில் போட்டுத் தொட்டால், கையில் சுர்ரென்று இருக்கிறதா? அது பெரும்பாலும் லேப்டாப் கோளாறு அல்ல. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருப்பீர்கள். அல்லது வீட்டு பாயின்ட்டில் எர்த் வேலை செய்யாது. பழைய வாடகை வீடுகளில் இது சகஜம். எர்த் இல்லாத பாயின்ட்டில் சர்ஜ் புரொடெக்டரும் முழுசாக வேலை செய்யாது. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு செக் பண்ணுங்கள்.

ஸ்லீவும், மழை கவர் உள்ள பேக்கும்: லேப்டாப்புக்குத் தனி அறை உள்ள பேக் வாங்குங்கள். அந்த அறை பேக்கின் அடியைத் தொடாமல் கொஞ்சம் மேலே நின்றால், பேக்கைத் தரையில் `தொப்'பென்று வைத்தாலும் அடிபடாது. வாட்டர் பாட்டில் எப்போதும் வெளியே, பக்கவாட்டுப் பையில். சாம்பார் சாதமும் லேப்டாப்பும் ஒரே அறையில் பயணம் செய்யவே கூடாது. பழைய பேக் நல்லா இருந்தால், ஒரு ஸ்லீவ் மட்டும் போதும்.

பேக்கப்: எந்த வாரண்டியும், எந்த இன்சூரன்ஸும் உங்கள் ஃபைல்களுக்குப் பொறுப்பேற்காது. போர்டை மாற்றுவார்கள், ஃபைனல் இயர் புராஜெக்ட்டை மீட்டுத் தர மாட்டார்கள். ஒரு எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி, அல்லது கிளவுட்... ஏதாவது ஒன்றில் வாரம் ஒருமுறை காப்பி எடுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால், திறக்க ஒரு நீண்ட எண்ணைக் கேட்கும். `ரெக்கவரி கீ' என்ற அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.

தேவைப்பட்டால் மட்டும்

இரண்டாவது சார்ஜர்: டைப்-சி-யில் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால், காலேஜுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்வது வசதி. 2026 ஏப்ரல் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கும் புது லேப்டாப்புகளுக்கு டைப்-சி சார்ஜிங் கட்டாயம் என்பதால், இனி வரும் மாடல்களில் இது இன்னும் சகஜமாகும். ஆனால் டைப்-சி ஒயர்கள் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண சி-டு-சி ஒயர் 60 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் 100, 240 வாட் என்று குறிப்பிட்ட ஒயர் வேண்டும். போனை 80 வாட்டில் சார்ஜ் செய்யும் சார்ஜர், லேப்டாப்புக்கும் 80 வாட் தரும் என்று நினைக்காதீர்கள். அது அந்த போன் கம்பெனியின் தனி முறையாக இருக்கலாம். `பி.டி' என்று போட்டு, உங்கள் லேப்டாப் கேட்கும் வாட் இருக்கிறதா பாருங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, பக்கத்துக் கடையிலோ அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ் முத்திரையைத் தேடுங்கள். லேப்டாப், அடாப்டர், பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவு கட்டாயம். முத்திரையின் கீழே `ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். `பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று காட்டும். அடாப்டரில் இருக்கும் எண் பவர் பேங்க் என்று காட்டினால், அந்த அடாப்டரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஹப்: மெல்லிய லேப்டாப்புகளில் லேன் போர்ட் இருக்காது, சிலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ-யும் இருக்காது. கல்லூரி புரொஜெக்டர் எந்த ஒயர் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப வாங்குங்கள். ஏழு போர்ட் ஹப்பில் ஆறு போர்ட் சும்மா கிடக்க வேண்டாம்.

மவுஸ், ஸ்டாண்ட், கீபோர்டு: ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இவை ஆடம்பரம் இல்லை. குனிந்தே இருந்தால் கழுத்து வலி வரும். ஸ்டாண்டுக்குப் பதில் நான்கு தடிமனான புத்தகங்களும் போதும். காற்றுப் போகும் ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

`வேண்டாம்ணே' என்று சொல்லிவிடலாம்

ஆன்டிவைரஸ்: விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இலவசமாக இருக்கிறது. அப்டேட்டை நிறுத்தாமல் இருந்தால், சாதாரண உபயோகத்துக்கு அதுவே போதும்.

கீபோர்டு ஸ்கின், கேமரா மூடி: லேப்டாப்பை மூடும்போது ஸ்கிரீனுக்கும் கீபோர்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகவும் குறைவு. ஸ்கின் இருந்தால் ஸ்கிரீனில் தடம் விழும். சில மாடல்களில் சூடும் வெளியேறாது. கேமரா மேல் மூடி ஒட்டிக்கொண்டு மேக்புக்கை மூடினால் டிஸ்ப்ளே சேதமாகலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

ஸ்கிரீன் கார்டு: டச் இல்லாத ஸ்கிரீனை யாரும் விரலால் தேய்க்கப்போவதில்லை. ஒரு மைக்ரோஃபைபர் துணி போதும்.

கூலிங் பேட்: கேமிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் யோசிக்கலாம். மற்றவர்கள் மெத்தைமேல் வைக்காமல் மேஜைமேல் வைத்தாலே பாதி சூடு குறையும்.

`இது எல்லாம் சேர்த்து எடுத்தாதான் லேப்டாப் தருவோம்' என்று கடையில் சொன்னால், பணியத் தேவையில்லை. ஒன்றை வாங்க இன்னொன்றையும் கட்டாயம் வாங்கச் சொல்வது, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தடைப்படுத்தும் வணிக முறை. ஆன்லைனில் நீங்கள் கேட்காமலே வாரண்டி கார்ட்டில் ஏறி உட்கார்ந்திருந்தால், அதற்கும் பெயர் இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட `டார்க் பேட்டர்ன்' வழிகாட்டு நெறிமுறைகள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. அதில் ஒன்று இப்படிக் கூடைக்குள் நைஸாகத் திணிப்பது. பணம் கட்டும் முன் கார்ட்டை ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள்.

அரசு லேப்டாப் வாங்கியவர்களுக்கு...

2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2025-26 தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. அப்படிக் கிடைத்த லேப்டாப்புக்கும் சர்ஜ் புரொடெக்டர், ஸ்லீவ், பேக்கப் மூன்றும் அதேபோலத் தேவை. வாரண்டி எத்தனை நாள், யாரிடம் போக வேண்டும் என்பதைக் கல்லூரியிலேயே கேட்டு வையுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில்...

* லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பரை, கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரண்டித் தேதியைப் பாருங்கள். கடையில் பல மாதங்கள் இருந்த பீஸ் என்றால், நீங்கள் வாங்கும் முன்பே வாரண்டி ஓட ஆரம்பித்ததாகக் காட்டலாம். பில்லை அப்லோடு செய்தால் தேதியைத் திருத்துவார்கள். வருஷக் கடைசியில் போய் நின்றால் வாக்குவாதம்தான்.
* ஜி.எஸ்.டி பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். வாரண்டித் திட்டம் தனி வரியாக இருக்க வேண்டும். சின்ன ரசீது பேப்பர் சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து, மெயிலில் போட்டு வையுங்கள்.
* ஸ்கிரீனில் புள்ளி, ஸ்பீக்கர், கேமரா, எல்லா போர்ட், வைஃபை... ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மாற்றித் தரும் காலம் குறைவு.
* பேட்டரி செட்டிங்கில் `80 சதவிகிதத்தோடு நிறுத்து' என்ற வசதி இருந்தால், வீட்டில் எப்போதும் சார்ஜிலேயே வைத்திருப்பவர்கள் அதை ஆன் செய்யுங்கள். பேட்டரி கூடுதல் நாள் உழைக்கும்.

பிரச்னை வந்துடுச்சு... எங்கே போவது?

முதலில் கம்பெனிக்கு மெயில். போனில் பேசியது காற்றோடு போகும். மெயில் சாட்சியாக நிற்கும். லேப்டாப்பைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் கட்டாயம் வாங்குங்கள். வெளியே கீறல் இல்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். `தண்ணீர் புகுந்திருக்கிறது, கவர் ஆகாது' என்று மறுத்தால், போர்டின் போட்டோவோடு எழுத்தில் காரணம் கேளுங்கள்.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். செலவு இல்லை. பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம். லேப்டாப்பை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியிருந்தாலும், பெங்களூரு முகவரி உள்ள ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லி இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. எனவே, உங்கள் முகவரி எந்த மாவட்டத்தில் வருகிறது என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. `இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலேயே புகார் போடலாம். பிரச்னை தொடங்கியதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டியவை மூன்றுதான்: பில், வாரண்டி சர்டிஃபிகேட், ஜாப் ஷீட்.

லேப்டாப்புக்கென்று எடுத்துவைத்த பணத்தில் ஆக்சஸரீஸுக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்றால், வரிசை இதுதான்: முதலில் சர்ஜ் புரொடெக்டர், அடுத்து ஸ்லீவ், அடுத்து பேக்கப். அதற்கும் மேல் இருந்தால், தினமும் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் ஆக்சிடென்டல் டேமேஜ் எடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி கடைசி. அதை முடிவு செய்ய இன்னும் பல மாதம் டைம் இருக்கும். `இன்னிக்கு மட்டும்தான் ஆஃபர்' என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே லேப்டாப்புக்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.